குஸ்தாவ் வாசா: பக்தியா, பணமா?

ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் வாசா கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த சீர்திருத்தவாதி லூத்தர் பக்கம் சாய்ந்தது பக்தியாலா, பணத்தாலா என்று உங்கள் கட்டுரையில் முடிவு சொல்ல முடியாமல் திணறுவதாக எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் கஜானாவிலிருந்து தொடங்குங்கள். 1523இல் அரியணை ஏறும்போதே ஜெர்மானிய வணிக நகரமான லூபெக்குக்குப் பெருங்கடன் பாக்கி. நிலமும் கோட்டையும் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) கையில். 1527இல் வெஸ்டரோஸ் நகரில் கூடிய நாட்டுப் பிரதிநிதிகள் சபையில், முடியைத் துறந்துவிடுவேன் என்று மிரட்டியே காரியம் சாதித்தார்: ஆயர்களின் கோட்டைகளும் உபரி வருமானமும் அரசருக்கு. பிரபுக்களைச் சரிக்கட்ட, 1454க்குப் பின் அவர்கள் குடும்பம் தானமாகக் கொடுத்த நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதி. மதக் கோட்பாட்டைப் பற்றிய முடிவு சொற்பம்தான்.

மணி விவகாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். லூபெக் கடனை அடைக்க 1531இல் ஊருக்கு ஒரு தேவாலய மணி கேட்டார். மத்திய ஸ்வீடனின் டாலர்னா பகுதி விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அவரை ஆட்சிக்குக் கொண்டுவர முன்னால் நின்று போரிட்டதே அவர்கள்தான்! 1533இல் படையோடு போய் அடக்கினார்.

அப்புறம், 'மக்கள் உடனே மதம் மாறினார்கள்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். லூத்தரன் கோட்பாடுகளின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை ஸ்வீடன் திருச்சபை முறைப்படி ஏற்றது 1593இல், உப்சாலாவில்தான். அதிலும் அரசியல் உண்டு: குஸ்தாவின் பேரனும், போலந்தையும் ஆண்ட கத்தோலிக்கருமான சிகிஸ்மண்ட் ஸ்வீடன் மன்னராக முடிசூட வரவிருந்தார்; அதற்குள் கத்தோலிக்கத்துக்குக் கதவைச் சாத்த நினைத்தார்கள்.