வலைப்பூ எழுதுவது வழக்கொழிந்துவிட்டதா? இப்போதும் யாராவது படிக்கிறார்களா?

படிக்கிறார்கள். என் வலைப்பூவை வருடத்தில் பத்து நாளாவது நன்றாகவே படிக்கிறார்கள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நான் மும்பை, செம்பூர்க்காரன். 2004 கடைசியில் எழுத ஆரம்பித்தேன். அப்போது தமிழில் எழுதுவதைவிட, எழுதியதைத் திரையில் பார்ப்பதுதான் பெரும்பாடு. சைபர் கஃபேயில் விண்டோஸ் 98. யூனிகோடு தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். எக்ஸ்பி இருந்த ஒரே கணினிக்குக் காத்திருந்து, கடைப் பையனிடம் கெஞ்சி, தமிழில் தட்டச்சு செய்யும் எ-கலப்பை மென்பொருளை நிறுவுவேன். மறுநாள் போனால் தூக்கியிருப்பான். மறுபடி கெஞ்சல். இத்தனைக்கும் காரணம் தமிழ்மணம், தமிழ் வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தளம். அந்தத் திரட்டியின் முகப்பில் நம் பதிவு வந்துவிட்டால் சிங்கப்பூர், துபாய், டொராண்டோ என்று எங்கெங்கிருந்தோ பின்னூட்டம் விழும்.

அந்த டிசம்பரில் சுனாமி. மும்பையில் இருந்த சிலர் முன்னின்று, யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று திரட்ட ஆங்கிலத்தில் ஒரு வலைப்பூ தொடங்கினார்கள். செய்தி நிறுவனங்களே அதைப் பார்த்தன. அதுவரை டைரி என்று நினைத்திருந்த எனக்கு, இது வேறு சமாச்சாரம் என்று உறைத்தது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. அந்தேரி ஆபீசிலிருந்து நடக்க ஆரம்பித்து, விடிந்த பிறகுதான் வீடு சேர்ந்தேன். டிவியில் மூழ்கிய பஸ்ஸையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். குர்லாவில் ஒரு மராத்தி அம்மா, முன்பின் தெரியாத எட்டுப் பேரை மாடிப்படியில் உட்காரவைத்து டீ கொடுத்ததை நான்தான் எழுத வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் என் மாமா அதை அச்செடுத்துத் தெருவுக்கே காட்டினாராம்.

மறு வருடம் ஜூலை 11, மேற்கு ரயில் பாதையில் 7 குண்டுகள். அடுத்த சில நாளில், எங்கள் வலைப்பூக்கள் இருந்த பிளாக்ஸ்பாட் தளம் திறக்கவில்லை. சில பக்கங்களை மட்டும் முடக்கச் சொன்னது அரசு. இணைப்பு தருபவர்கள் மொத்தத் தளத்தையே அடைத்துவிட்டார்கள். இதில் கூத்து என்னவென்றால், பதிவை எழுதி ஏற்றும் பிளாக்கர் தளம் திறந்தது. அதாவது எழுதலாம், படிக்க முடியாது! பாகிஸ்தானில் முன்பே இந்தத் தடை வந்திருந்ததால், அங்குள்ளவர்களுக்காக யாரோ ஒரு மாற்றுவழித் தளம் வைத்திருந்தார்கள். என் பதிவை நானே அதன் வழியாகத்தான் படித்தேன்.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? முகநூல் விழுங்கிவிட்டது என்பார்கள். பாதிதான் உண்மை. எங்கள் ஆட்டமும் அதிகம்: மொக்கைப் பதிவு, பின்னூட்டத்தில் கும்மி, திரட்டியில் ஓட்டு, பெயர் சொல்லாத அனானிகளின் சண்டை. நன்றாக எழுதியவர்களில் சிலர் அச்சுக்குப் போனார்கள், பலர் அலுத்துப்போனார்கள். திரட்டிகளின் கூட்டம் கரைந்தது. பிடித்த வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரையும் 2013 ஜூலையில் மூடினார்கள். எழுத இடம் இருந்தது, கூடும் திண்ணைதான் போய்விட்டது. முகநூலில் இரண்டு நிமிடத்தில் லைக் விழும்போது யார் இங்கே காத்திருப்பார்கள்?

ஆனால் அங்கே எழுதியதைத் தேடிப் பாருங்கள். தாராவியில் வளர்ந்த என் நண்பர் 90 அடி சாலையைப் பற்றி முகநூலில் அருமையாக எழுதினார். பத்து வருடம் இருக்கும். போன மாதம் அவரே தேடினார், கிடைக்கவில்லை.

என் பழைய பதிவு ஒன்று கிடைக்கிறது. மாட்டுங்காவில் பொங்கலுக்கு மஞ்சள் கொத்தும் பனங்கிழங்கும் யாரிடம் வாங்கலாம் என்று 2008இல் எழுதியது. இலக்கியத் தரமெல்லாம் ஒன்றும் கிடையாது. ஜனவரி பிறந்தால் கூகுள் வழியாக ஆட்கள் வந்துவிடுவார்கள், பெரும்பாலும் புதிதாக மும்பைக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள். போன பொங்கலுக்கு ஒரு பின்னூட்டம்: "அங்கிள், அந்தப் பாட்டி இப்போது உட்காருவதில்லை. மகன்தான் விற்கிறார், எதிர்ப்பக்கம்."

உள்ளே போய் ஒரு வரியைத் திருத்தினேன். அந்த வருடம் வலைப்பூவில் நான் செய்த ஒரே வேலை அதுதான்.