டூப் போட்ட குடை

கேள்வி: 1985-இல் வந்த ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி'யை இப்போது போட்டாலும் எங்கள் வீட்டில் தாத்தா முதல் பேரன் வரை எழுந்திருக்காமல் பார்க்கிறார்கள். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. டூப் போடாமல் நடித்ததுதானே இத்தனை மவுசுக்குக் காரணம்?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: டூப் பேச்சை எடுத்துவிட்டீர்கள். அப்படியென்றால் குடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வில்லன் கும்பல் ஒரு டபுள் டெக்கர் பஸ்ஸில் ஏறித் தப்பிக்கப் பார்க்கிறது. பின்னாலேயே ஓடிவரும் ஜாக்கி, ஒரு குடையின் வளைந்த பிடியைப் பஸ்ஸில் மாட்டித் தொங்கிக்கொண்டே போகிறார். முதலில் மரப்பிடி வைத்த குடையைத்தான் கொடுத்தார்களாம். அது வழுக்கிக்கொண்டே இருக்க, உலோகத்தில் ஒரு குடை வந்தது. ஆக, அந்தக் காட்சியில் டூப் போட்டது குடை! ஒரிஜினல் குடை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜூஸ் குடித்திருக்கும். குளோசப் என்றால் மட்டும் கூப்பிடச் சொல்லியிருக்கும். படம் ஓடிய பிறகு, 'ரிஸ்க் எடுப்பது எனக்கு ரஸ்க் சாப்பிடுவது மாதிரி' என்று பேட்டியும் கொடுத்திருக்கும். தொங்கிய குடையை யாராவது விசாரித்தார்களா? என் வீட்டுக் குடை ஐப்பசிக் காற்றுக்கே தாமரை மாதிரி மேல்நோக்கி விரிந்துவிடுகிறது. அதை நம்பி நான் வாசற்படியில்கூடத் தொங்க மாட்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடிபடுவதுதான் ரசனை என்றால் எலும்பு முறிவு வார்டில் டிக்கெட் கிழிக்கலாம். அடிகள் நிஜம்தான், மறுக்கவில்லை. அதே பஸ் சடாரென்று நிற்கும்போது ஆட்கள் மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு முன்னால் பறந்து விழுவார்களே, அவர்கள் விழ வேண்டியது அங்கே நிற்கும் கார் மேல். கணக்குத் தப்பி வெறும் தார் ரோட்டில் விழுந்தார்கள். கடைசிச் சண்டை, ஹாங்காங்கின் சிம் ஷா சுய் கிழக்குப் பகுதியில் இருக்கும் விங் ஆன் கடை வளாகத்தில். பல்புச் சரம் சுற்றிய கம்பத்தைப் பிடித்து ஜாக்கி மேல்மாடியிலிருந்து சறுக்கினார். கை வெந்தது, முதுகும் இடுப்பும் அடிவாங்கின. அந்தச் சறுக்கலை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுகிறார். பெருமைதான். அந்தக் கைக்கு அந்தப் பெருமை தகும். உடைந்த கண்ணாடிகளைப் பார்த்துவிட்டுப் படக்குழுவே 'கிளாஸ் ஸ்டோரி' என்று கிண்டல் செய்ததாம்.

ஆனால் உங்கள் பேரன் உட்கார்ந்திருப்பது இதற்காக இல்லை. படத்திலேயே சிறந்த சண்டை எது என்று என்னைக் கேட்டால், டெலிபோன் காட்சி என்பேன். ஜாக்கியைத் தண்டனையாக ஒரு கிராமத்து ஸ்டேஷனுக்கு மாற்றிவிடுகிறார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்க, இவர் தனியாள். ஒரு போன் அடிக்கிறது, எடுக்கிறார். இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் மேஜைக்கு மேஜை உருள்கிறார். ஒரு ரிசீவர் தோளில், ஒன்று காதில். வயர் கழுத்தில் சுற்றுகிறது. மாடு காணாமல் போன ஆளுக்கும் உயிர் போகிற அவசரத்தில் இருப்பவருக்கும் பதில் மாறிப் போகிறது. நடுவில் பென்சிலால் நூடுல்ஸ் வேறு. அடி, தடுப்பு, திரும்பல், விழுதல் எல்லாம் இதில் உண்டு. எதிரி மட்டும் டெலிபோன். சண்டைக்கு ஒரு ஆள், சிரிப்புக்கு ஒரு ஆள் என்று பிரித்து, ரீல் கணக்கில் காமெடி டிராக் சேர்த்துப் பழகிய நமக்கு இது பெரிய பாடம். இங்கே இரண்டுக்கும் ஒரே உடம்பு. பிறந்தநாள் கேக்கை முகத்தில் வாங்கிக்கொள்ளும் ஆள்தான் வில்லனையும் துரத்துகிறான். கோர்ட்டில் அவன் சாட்சியாகப் போடும் டேப் அவன் மானத்தையே வாங்குகிறது. நாம் பயந்த இடத்தில் அவனும் பயப்படுகிறான்.

இந்தப் படம் கோபத்தில் பிறந்தது. அதே 1985-இல் அமெரிக்க இயக்குநர் ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ் ஜாக்கியை நியூயார்க் போலீஸாக்கி 'தி புரொடெக்டர்' எடுத்தார். சண்டையை எப்படி எடுப்பது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஹாங்காங் வெளியீட்டுக்காக ஜாக்கி சில காட்சிகளைத் திரும்ப எடுத்தார். அதோடு ஆறாமல், போலீஸ் படம் என்றால் இப்படி என்று தானே இயக்கிக் காட்டினார். ஹாங்காங் திரைப்பட விருதில் சிறந்த படம் என்ற பரிசு கிடைத்தது. 1989-இல் 'டேங்கோ அண்ட் கேஷ்' படத்தில் ஸ்டாலோன் துப்பாக்கியோடு ரோட்டில் நின்று லாரியை மறிப்பாரே, அதை இங்கே ஜாக்கி துப்பாக்கியோடு நின்று அந்த டபுள் டெக்கர் பஸ்ஸை மறிக்கும் காட்சியோடு வைத்துப் பாருங்கள். குருதட்சிணை கொடுத்தாரா தெரியவில்லை.

கேமரா தள்ளி நிற்கிறது, தலை முதல் கால் வரை தெரிகிறது. யார் யாரை எங்கே அடித்தார் என்று நமக்குப் புரிகிறது. இப்போது ஒரு குத்துக்கு நாலு கட். அடித்தவரும் தெரியாது, வாங்கியவரும் தெரியாது, சத்தம் மட்டும் காதைக் கிழிக்கிறது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. உங்களுக்கு அலுத்தால் அடுத்த பக்கத்தில் ராசிபலன் இருக்கிறது.

ஃபிலிம் சொசைட்டி நண்பர் ஒருவர் இந்தப் படத்தை 'சர்க்கஸ்' என்று சொல்லிப் பாதியில் எழுந்து போனார். எங்கள் சண்டை இன்னும் தீரவில்லை. மௌனப்படக் காலத்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் செய்தால் கலை, ஜாக்கி செய்தால் சர்க்கஸா? கீட்டனிடம் கற்றதை ஜாக்கியே ஒளித்ததில்லை.

அந்த நண்பர் கேட்க மறந்த கேள்வியை நானே கேட்கிறேன். ஆரம்பத்தில் கார்கள் மலைச்சரிவுக் குடிசைகளை நொறுக்கிக்கொண்டு இறங்குகின்றனவே, அந்த வீட்டுக்காரர்கள் கதி என்ன? ஹாங்காங் மலைச்சரிவுகளில் அப்படித்தான் சனங்கள் வாழ்ந்தார்கள். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதி எரிந்து 50,000-க்கும் மேற்பட்டோர் தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் அரசு பெரிய அளவில் குடியிருப்பு கட்ட இறங்கியது. படத்திலோ அந்தக் குடிசைகளுக்கு நஷ்ட ஈடு பற்றி ஒரு வசனம்கூடக் கிடையாது. போலீஸ் ஸ்டோரியில் அது எப்படி வரும் என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

பார்ப்பதென்றால் டப்பிங்கை விட்டு, ஹாங்காங் மக்கள் பேசும் காண்டனீஸ் மொழியில் உள்ள மூலத்தைப் பாருங்கள். முடிவில் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிட வேண்டாம், ஸ்டன்ட் ஆட்கள் அடிபட்ட துண்டுகள் அங்கேதான் வருகின்றன. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருந்த சந்தா பாக்கி விவகாரத்தை மேனேஜரிடம் தள்ளிவிட்டேன்.