லாகின் பக்கம் மட்டும் வராதபோது எங்கே பார்ப்பது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஆரக்கிள் அப்ளிகேஷன் சர்வர் 10ஜி இன்னும் லினக்ஸில் ஓடுகிறது. மின்தடைக்குப் பிறகு இயந்திரத்தை இயக்கினால் முகப்புப் பக்கம் வருகிறது. லாகின் பக்கம் மட்டும் ‘இன்டர்னல் சர்வர் எரர்’ காட்டுகிறது. எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முகப்புப் பக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

இந்த சர்வர் வழக்கமாக இரண்டு தனித்தனி ஆரக்கிள் ஹோம்களில், அதாவது மென்பொருள் அடைவுகளில், நிறுவப்பட்டிருக்கும். ஒன்று மிடில் டையர். அப்பாச்சியை ஒட்டி உருவான ஹெச்டிடிபி சர்வரும் ஜாவா பயன்பாடுகளை ஓட்டும் ஓசி4ஜேயும் அதில் இருக்கின்றன; முகப்புப் பக்கம் அங்கிருந்து வருகிறது. மற்றொன்று இன்ஃப்ராஸ்ட்ரக்சர். அதன் அடித்தளம் மெட்டாடேட்டா ரெபாசிட்டரி என்ற ஆரக்கிள் தரவுத்தளம். அதன்மேல், பயனர் விவரங்களைத் தேடித் தரும் எல்டாப் நெறிமுறையில் இயங்கும் இன்டர்நெட் டைரக்டரி, சுருக்கமாக ஓஐடி. அதற்கும் மேலே, ஒரே லாகினில் எல்லாப் பயன்பாடுகளுக்கும் வழிவிடும் சிங்கிள் சைன் ஆன்.

பயனர் லாகின் தேவைப்படும் பக்கத்தைக் கேட்டதும், ஹெச்டிடிபி சர்வருக்குள் இருக்கும் மாட் ஓஎஸ்எஸ்ஓ என்ற தொகுதி, அவர் ஏற்கெனவே லாகின் ஆனதற்கான குக்கீயை உலாவியிடம் தேடுகிறது. இல்லையென்றால் சிங்கிள் சைன் ஆனுக்கு அனுப்புகிறது. அது கடவுச்சொல்லை ஓஐடியிடம் சரிபார்க்கிறது. ஓஐடியோ பயனர் விவரங்களைத் தரவுத்தளத்தின் ஓடிஎஸ் ஸ்கீமாவிலிருந்து (ஸ்கீமா என்பது ஒரு தரவுத்தளக் கணக்கும் அதன் அட்டவணைகளும்) எடுக்கிறது. ஆகவே கீழிருந்து மேலாகப் பாருங்கள்.

முதலில், இயந்திரத்தில் உள்ள தரவுத்தளங்களைப் பட்டியலிடும் ஓராடேப் கோப்பு. உங்கள் தரவுத்தளத்தின் வரி ‘என்’ என்ற எழுத்தில் முடிந்தால், தரவுத்தளங்களைத் தொடங்கும் டிபிஸ்டார்ட் ஸ்கிரிப்ட் அதைத் தொடாது. இணைப்புகளை ஏற்கும் லிஸ்னர் ஓடிக்கொண்டிருக்கும், தரவுத்தளமோ மூடியே கிடக்கும். மின்தடைக்குப் பின் வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இந்த ஓர் எழுத்தைத்தான். அதை ‘ஒய்’ ஆக்குங்கள். இன்றைக்குத் தரவுத்தளத்தைக் கையால் திறந்துவிடுங்கள்.

பிறகு இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஹோமிலிருந்து, அதன் சேவைகளையெல்லாம் தொடங்கும் ‘ஓபிஎம்என்சிடிஎல் ஸ்டார்ட்ஆல்’ (opmnctl startall) கட்டளை. அது முடிந்த பிறகே மிடில் டையரில் அதே கட்டளை. அவசரத்தில் பலர் ஒரே ஹோமில் இரண்டு முறை இயக்கிவிட்டு, ஏன் சரியாகவில்லை என்று தவிக்கிறார்கள். இன்ஃப்ராஸ்ட்ரக்சரில் ‘ஸ்டேட்டஸ்’ கேட்டால் ஓஐடி, ஓசி4ஜே செக்யூரிட்டி ஆகிய இரண்டின் எதிரிலும் ‘அலைவ்’ என்று வர வேண்டும். பின்னதில்தான் சிங்கிள் சைன் ஆன் ஓடுகிறது. ‘அலைவ்’ என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஓஐடியின் போர்ட்டுக்கு, பெரும்பாலும் 389, இணைப்பைச் சோதிக்கும் ‘எல்டாப்பைண்ட்’ (ldapbind) கட்டளை கொடுத்துப் பாருங்கள். ஓஐடியின் நிர்வாகிக் கணக்கான ஆர்க்ளட்மின் (orcladmin) பூட்டப்பட்டிருப்பதாகச் சொன்னால் ‘ஓஐடிபாஸ்வேர்டு’ (oidpasswd) கருவியால் திறக்கலாம்.

இன்னொன்று, மிக முக்கியமானது. ஓஐடி தன் விவரங்களைத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. சிங்கிள் சைன் ஆனின் ஓராஎஸ்எஸ்ஓ முதலான ஸ்கீமாக்களின் கடவுச்சொற்களோ ஓஐடிக்குள் இருக்கின்றன. நிறுவும்போது தற்போக்காக உருவானவை அவை. யாராவது நல்லெண்ணத்தோடு அவற்றை தரவுத்தளக் கட்டளைகள் இடும் எஸ்கியூஎல் பிளஸ் வழியே ‘ஆல்டர் யூசர்’ கொடுத்து மாற்றியிருந்தால், இரண்டு பக்கமும் பொருந்தாமல் போய், சர்வரை மறுபடி இயக்கியதும் லாகின் விழுந்துவிடும். மின்தடைமீது பழி விழும். கோளாறு அதற்கு முன்பே நடந்திருக்கும். தரவுத்தளமும் ஓஐடியும் நலமாக இருந்தும் பக்கம் வரவில்லையென்றால், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஹோமில் எஸ்எஸ்ஓ அடைவின் லாக் கோப்பைத் திறந்து, கடைசி வரிகளில் ‘ஓஆர்ஏ-01017’, அதாவது பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்ற பிழை, இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓஐடியில் பதிவான கடவுச்சொல்லை எடுத்து, தரவுத்தளத்தில் அதையே வையுங்கள்.

நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: மிடில் டையர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர், கடைசியில் தரவுத்தளம். யுபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் இந்த மூன்றையும் நிறுத்தும் ஸ்கிரிப்ட் ஒன்றை இந்த வாரமே எழுதி வைத்துவிடுங்கள்.