மழை இரவில் பிறந்த குட்டிக்குச் சீனி குறைந்தால்

கேள்வி: ஒட்டுசுட்டானில் ஆடு வளர்க்கிறேன். ஜமுனாபாரிக் கலப்பு மறி ஒன்று போன கிழமை மழைக்குள் முன்னிரவில் இரண்டு குட்டி போட்டது. சின்னக் குட்டி விடியும்போது நடுங்கிக்கொண்டு கிடந்தது. போகப்போக நடுக்கம் நின்றது, தேறிவிட்டது என்று நினைத்தோம். நெருப்புக்குப் பக்கத்தில் கிடத்தினோம். கொஞ்ச நேரத்தில் இழுப்பு (வலிப்பு) வந்து செத்துவிட்டது. நீரிழிவுக்கு ஊசி போடும் என் அண்ணர், "சீனி குறைந்திருக்கும்" என்கிறார். ஆட்டுக்கும் அப்படி வருமா?

பதில்: வரும். குட்டியைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அண்ணர் சொன்னதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

சீனி இறங்கும்போது அவருக்குக் கை நடுங்கி நெஞ்சு படபடக்கும். இரத்தத்தில் குளுக்கோஸ் குறைவதை மூளையும் கணையமும் உணர்ந்துகொள்கின்றன. கணையம் குளுக்ககனை விடும். சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி அட்ரினலினை விடும். சேமித்த கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோசாக்கச் சொல்லி இரண்டும் ஈரலை விரட்டும். ஆட்டிலும் இதே ஏற்பாடுதான். (வளர்ந்த ஆட்டுக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 முதல் 75 மில்லிகிராம் வரை சீனி இருப்பதே இயல்பு. உங்கள் அண்ணருக்கு 70க்குக் கீழே போனாலே குறைவு.)

பிறந்த குட்டியின் ஈரலில் இருப்பு மிகக் கொஞ்சம். நனைந்த உடம்பைச் சூடாக வைக்கவே அது கரைந்துவிடும். கடும்புப்பால் (ஈன்றதும் சுரக்கும் முதல் பால்) வயிற்றுக்குள் போகாவிட்டால், ஈரலை எவ்வளவு விரட்டினாலும் எடுத்துக் கொடுக்க அங்கே ஒன்றுமில்லை. நடுக்கம் நின்றதைத் தேறியதாக எடுத்தீர்களே, பிழை அங்கேதான். உடம்பு மிகவும் குளிர்ந்தால் நடுங்கவும் பலம் இருக்காது. அந்த நேரம் வெறும் வயிற்றோடு சூடு காட்டினால் மிச்சச் சீனியும் எரிந்து இழுப்பு வரும்.

இனி இப்படிக் கிடந்தால் முதலில் துடைத்து, ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 39 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். 37க்கும் 39க்கும் இடையில் நின்று, தலை தூக்கி விரலைச் சப்பினால், தாயின் கடும்புப்பாலைக் கறந்து கிலோவுக்கு 50 மில்லிலீற்றர் கொடுக்கலாம். 2 கிலோக் குட்டிக்கு 100. 37க்குக் கீழே, பிறந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் என்றால் மிருக வைத்தியரை உடனே கூப்பிடுங்கள். அவர் வயிற்றறைக்குள் குளுக்கோஸ் ஊசி போட்ட பிறகுதான் சூடு. ஐந்து மணித்தியாலம் ஆகாத குட்டியென்றால் முதலில் சூடாக்கி, பிறகு பால். சப்பாத குட்டிக்குச் சீனித்தண்ணி பருக்க வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

மற்றக் குட்டியின் வாய்க்குள் இப்போதே விரல் விட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் பொழுதுபடும் வரை பொறுக்க வேண்டாம்.