எதைக் கொடுத்தாலும் வாய்க்குத்தான் போகிறது!

கேள்வி: என் மகனுக்கு 9 மாதம். எந்தப் பொம்மையைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறான், இல்லாவிட்டால் தரையில் தட்டுகிறான். ஒழுங்காக விளையாடுவதே இல்லை. வாயில் வைப்பதைத் தடுக்க வேண்டுமா?

பதில்: தடுக்க வேண்டாம். அவன் வயதில் அதுதான் விளையாட்டு. விரல்நுனிகளின் வேலை இன்னும் நுணுக்கம் பெறவில்லை. உதடும் நாக்கும் பிறந்ததிலிருந்தே தேர்ந்தவை. ஒரு பொருள் வழவழப்பா, சொரசொரப்பா, அழுத்தினால் அமுங்குமா என்பதை அவன் வாயால்தான் நன்றாக அறிய முடியும்.

சற்று நேரம் குறுக்கிடாமல் கவனியுங்கள். வாயில் வைப்பான், வெளியே எடுத்துப் பார்ப்பான், திருப்புவான், இன்னொரு கைக்கு மாற்றுவான், மறுபடி வாய்க்குக் கொண்டுபோவான். எவ்வளவு பொறுமையான ஆராய்ச்சி! பெரியவர்களும் இப்படித்தான். லெடர்மன், கிளாட்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் 1987-இல் காட்டியபடி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொருளை அறியும்போது சொரசொரப்புக்குத் தேய்க்கிறோம், கடினத்துக்கு அழுத்துகிறோம், எடைக்குத் தூக்கிப் பார்க்கிறோம், வடிவத்துக்கு விளிம்பை வருடுகிறோம். உங்கள் மகன் தட்டுவதும் அந்த வகைதான். மரக்கட்டையைத் தரையில் தட்டுவான். பஞ்சுப் பொம்மையை அவ்வளவு தட்ட மாட்டான், கசக்குவான். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பாருங்கள்.

அதனால் நீங்கள் கவனிக்க வேண்டியது கையை அல்ல, கைக்கு எட்டும் பொருளை. விலை உயர்ந்த பொம்மை எதுவும் தேவையில்லை. மரக்கரண்டி, சிறு கிண்ணம், துவைத்த துணி என்று தன்மையில் வேறுபட்ட இரண்டு மூன்று போதும். குவித்து வைத்தால் எதிலும் நிலைக்க மாட்டான்.

ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 9, 10 மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து துணுக்குகளைக்கூடப் பொறுக்கத் தொடங்கும். டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் அவனுக்கு எட்டக்கூடாது, மூச்சுக்குழாயை அடைக்கலாம். பட்டன் பேட்டரி இன்னும் மோசம், உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். சக்திவாய்ந்த காந்தங்களும் ஆபத்து. விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள்.

வாயில் வைப்பது இரண்டு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் தானாகக் குறையும். அப்புறம், அவன் இரண்டு கைகளையும் பயன்படுத்துகிறானா என்று பாருங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டி, மற்றதை மடக்கியே வைத்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.