நோட்டு தவறாமல் வாசிக்கிறார்கள், உணர்வு மட்டும் இல்லை: எப்படிச் சொல்லித் தருவது?

டர்பனில் யூனிசாவின் (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) பியானோ தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதாகவும், நோட்டும் தாளமும் சரியாக இருந்தும் டைப் அடிப்பதுபோல் கேட்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். "உணர்வோடு வாசி" என்று தினமும் சொல்கிறீர்களாம். அதை நிறுத்துங்கள். எந்த விரல் என்ன செய்யவேண்டும் என்று அதில் ஒன்றுமே இல்லை.

பியானோவில் சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒலி வளராது, தேயத்தான் செய்யும். ஆக நம் கையில் இருப்பது கட்டை இறங்கும் வேகம், அது இறங்கும் நேரம், பிடித்திருக்கும் நேரம், பெடல், அவ்வளவுதான். உணர்வோடு வாசிப்பது பிறவி ஞானம், சொல்லித்தர முடியாது என்று யாராவது வாதாட வருவார்கள். இந்த நான்கையும் சொல்லித்தந்து பார்த்துவிட்டு வரட்டும்.

எல்லாரும் வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட் என்ற சிறு நடன இசையையே எடுங்கள் (இசையமைப்பாளர் பாக் பெயரில் புழங்கினாலும் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் என்பவருடையது). முதல் பாரில் (தாளக் கட்டத்தில்) டி, பிறகு வேகமாக ஜி ஏ பி சி; இரண்டாம் பாரில் டி, ஜி, ஜி. பிள்ளைகள் கடைசி இரண்டு ஜியையும் டிக்குச் சமமாகக் குத்துவார்கள். உயிர் போவது அங்கேதான். முதலில் கையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் பாடச் சொல்லுங்கள். கோயிலில் தேவாரம் பாடும் பிள்ளைக்கு எங்கே மூச்சு எடுப்பது என்று யாரும் சொல்லத் தேவையில்லை; அதே காது இங்கேயும் வேலை செய்யும். ஜி ஏ பி சி நான்கும் அடுத்த பாரின் டியை நோக்கிப் போகவேண்டும், கனம் டியில் விழவேண்டும், முதல் ஜி லேசாக, இரண்டாவது அதைவிட லேசாக, உடனே மணிக்கட்டு எழவேண்டும். மூன்றாம் நான்காம் பாரில் அதே வடிவம் மேலே ஏறி வருகிறது, எனவே இன்னும் ஒரு பங்கு கூட்டலாம். ஐந்தாம் பாரிலிருந்து மெட்டு இறங்கத் தொடங்கும். எட்டாம் பாரின் ஏ முடிவு அல்ல, பாதி வழி. அங்கே வேகத்தைக் குறைக்க விடாதீர்கள்.

கிரெஷெண்டோ (ஒலியைப் படிப்படியாகக் கூட்டு என்னும்) குறி தொடங்கும் இடத்திலேயே சத்தமாக அடிப்பது அடுத்த கோளாறு. அந்த இடத்தில் ஒலி இன்னும் மெல்லியதாகவே இருக்கவேண்டும். நோட்டுகளின் மேல் பென்சிலால் ஒலியின் அளவை 3, 4, 5, 6 என்று எழுதிக் கொடுங்கள், பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். நீண்ட நோட்டுக்கு அடுத்து வருவதை, முன்னதை அடித்த பலத்தில் அல்ல, அது தேய்ந்து நிற்கும் அளவில் தொடங்கவேண்டும். இதற்குக் காதைத் தவிர வேறு கருவி கிடையாது.

இடக்கை மெட்டை மூழ்கடித்தால், வலக்கை பலமாக வாசிக்க, இடக்கை விரல்கள் ஒலி எழுப்பாமல் கட்டையின் மேற்பரப்பை மட்டும் தொட்டுப் போகட்டும். சில முறை அப்படிச் செய்தபின் மெல்ல ஒலிக்க விடுங்கள். பெடலைக் கட்டையோடு சேர்த்து மிதிக்கக்கூடாது: புதிய கட்டை இறங்கும்போது கால் மேலே வரவேண்டும், ஒலி வந்தபின் கீழே. ரூபாட்டோ (வேகத்தைச் சற்றே இழுத்தும் விட்டும் வாசிப்பது) எல்லாம் தாளம் உறுதியான பிறகு.

கேள்விக்கு வெளியே ஒன்று, மனம் பொறுக்காமல் சொல்கிறேன். எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம் தரும் மலிவான கீபோர்டை வாங்கித் தந்துவிட்டுப் பிள்ளைக்கு ரசனை இல்லை என்கிறார்கள். பொது மண்டபங்களில் நல்ல அப்ரைட் பியானோக்கள் பூந்தொட்டி வைக்கும் மேசையாகிவிட்டன. இந்தக் கடலோர ஈரத்தில் கட்டைகளின் ஃபெல்ட் ஊதிக் கட்டை இறுகிப்போகும், மெல்ல அழுத்தினால் ஒலிக்கவே ஒலிக்காது. அதில் பழகும் பிள்ளை குத்தத்தான் கற்றுக்கொள்ளும். அதனால் பாடத்தைத் தொடங்குமுன், உங்கள் பியானோவில் ஒவ்வொரு கட்டையையும் மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒலிக்காதவற்றைக் குறித்து வைத்து, ஸ்ருதி சேர்க்க வருபவரிடம் அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.