57 அடி நேரோபோட்டுக்கு 8 கிலோவாட் கணப்பு வேண்டாம்

57 அடி நேரோபோட்டுக்கு (இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய வீட்டுப் படகு) 5 கிலோவாட் கணப்பு அடுப்பு போதுமா, 8 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 5 தாராளம். சூடாக்க வேண்டிய பகுதி 40 அடி நீளம் என்றால் ஏறக்குறைய 45 கன மீட்டர் வரும். சுமாரான இன்சுலேஷனுக்கு அதை 15-ஆல் வகுப்பார்கள்: 3 கிலோவாட். மோசம் என்று 10-ஆல் வகுத்தாலும் 4.5தான்.

8 வாங்கினால் வெக்கை தாங்காமல் காற்றை அடைத்துப் புகையவிடுவீர்கள். கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில் தார் படியும், கார்பன் மோனாக்சைடு அபாயமும் கூடும். (அலாரம் எப்படியும் கட்டாயம்.) பின்பக்கப் படுக்கையறை குளிர்ந்து கிடந்தால் அதற்குப் பெரிய அடுப்பு மருந்தல்ல, பேக் பாய்லர் (அடுப்பின் பின்னால் தண்ணீரைச் சூடாக்கும் தொட்டி) உள்ள மாடலாகப் பார்த்து ரேடியேட்டருக்குக் குழாய் இழுங்கள். அப்புறம், சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளியை வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். உள்ளே அகலமே 6 அடி சொச்சம்தான்.